பிளாஸ்டிக்கிலிருந்து டீசல்: எண்ணெய் வருவது உண்மைதான், அப்புறம்?

ஒரு இரும்பு டிரம், உள்ளே பிளாஸ்டிக் குப்பை, கீழே விறகு அடுப்பு, மேலே ஒரு குழாய். குழாய் தண்ணீர்த் தொட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறது, முனையில் மஞ்சளாக ஏதோ சொட்டுகிறது. அதை ஒரு பாட்டிலில் பிடித்து, ஒரு பழைய பைக்கில் ஊற்றி, உதைத்தால் வண்டி கிளம்புகிறது. இந்த வீடியோவைப் பார்க்காத வாட்ஸ்அப் குழு தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பார்த்தவுடன் இரண்டு கட்சி பிரிந்துவிடும். ஒரு கட்சி "1996-இல் ராஜபாளையம் பக்கம் மூலிகை பெட்ரோல் என்று கிளம்பியதே, அதே கதைதான்" என்று சொல்லும். இன்னொரு கட்சி "எண்ணெய் கம்பெனிக்காரர்கள் இதை அமுக்கிவிட்டார்கள்" என்று சொல்லும். கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காகத் தீர்ப்பு கேட்டு என்னை டேக் செய்வார்கள். ஒவ்வொரு முறையும் நாலு வரி தட்டிவிட்டுப் போவதற்குப் பதிலாக, ஒரேயடியாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், எண்ணெய் வரும். அதில் மோசடி எதுவும் இல்லை. மூலிகை பெட்ரோலோடு இதைச் சேர்க்கக்கூடாது, ஏனென்றால் தண்ணீரிலும் இலையிலும் பெட்ரோல் கிடையாது. பாலிதீன் பையில் இருப்பதோ பெட்ரோலியத்தின் அதே கார்பனும் ஹைட்ரஜனும்தான். வேறு எதுவுமே அதில் இல்லை.

பாலிதீன் என்றால் CH₂, CH₂, CH₂ என்று ஆயிரக்கணக்கில், பத்தாயிரக்கணக்கில் நீளும் ஒரு சங்கிலி. சமையல் கேஸ் சிலிண்டரில் இருப்பது 3, 4 கார்பன் நீளம். பெட்ரோல் சுமார் 5 முதல் 12 வரை. டீசல் இருபது வரை போகும். மெழுகுவத்தி இருபதைத் தாண்டி முப்பது, நாற்பது. இப்படியே இழுத்துக்கொண்டு போனால் பால் கவர். எரித்தால் கிடைக்கும் வெப்பமும் கிட்டத்தட்ட டீசலுக்குச் சமம்தான், கிலோவுக்கு 43 முதல் 46 மெகாஜூல். ஆகவே நீளமான சங்கிலியைச் சரியான இடங்களில் உடைத்தால் டீசல் கிடைக்க வேண்டும், கிடைக்கிறது. காற்று புகாமல் மூடிய பாத்திரத்தில் 400 முதல் 500 டிகிரி வரை சூடேற்றினால் சங்கிலி தானாக உடையும். இதற்குத்தான் பைராலிசிஸ் என்று பெயர். ஆக்ஸிஜன் இல்லாததால் எரியாது, உடைய மட்டும் செய்யும். உடைந்த துண்டுகள் ஆவியாகி மேலே வரும், குளிரவைத்தால் எண்ணெய். அமைப்பு என்று பார்த்தால் சாராயம் காய்ச்சுகிற பானையும் குழாயும்தான்.

ஆனால் எங்கே உடைவது என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. இதுதான் முதல் சிக்கல். வெப்பத்தில் கார்பன்–கார்பன் பிணைப்பு ஒன்று அறுந்தால் இரண்டு முனைகளும் இணையில்லாத எலக்ட்ரானோடு தவிக்கும். அந்த முனை சும்மா இருக்காது. தன் சங்கிலியிலேயே நாலைந்து கார்பன் தள்ளி வளைந்து போய் ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும், இல்லாவிட்டால் பக்கத்துச் சங்கிலியிலிருந்து பிடுங்கும், பிடுங்கிய இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி அறுபடும். பாலிதீனில் எல்லாப் பிணைப்பும் ஏறக்குறைய ஒரே வலிமை என்பதால் அறுவது எங்கே வேண்டுமானாலும் நடக்கும். அதனால் ஒரே பானையிலிருந்து கேஸ், பெட்ரோல் அளவு, டீசல் அளவு, மெழுகு எல்லாம் கலந்து வரும். கலவையிலுள்ள மூலக்கூறுகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் இந்த எண்ணெயைச் செலுத்தினால் வரும் படம் அழகாக இருக்கும்: ஒவ்வொரு கார்பன் எண்ணுக்கும் மூன்று மூன்று முகடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று இரு முனையிலும் இரட்டைப் பிணைப்பு உள்ளது, ஒன்று ஒரு முனையில் மட்டும், மூன்றாவது இரட்டைப் பிணைப்பே இல்லாத சாதா சங்கிலி, அதாவது ஆல்கேன். எட்டிலிருந்து முப்பது வரை மும்மூன்றாக வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தாலே, இது பாலிதீனிலிருந்து வந்த எண்ணெய் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கிணற்றிலிருந்து வந்த டீசலின் படம் இப்படி இருக்காது. அந்த இரட்டைப் பிணைப்புகள்தான் பின்னால் வில்லன், அதற்கு வருகிறேன்.

பாலிப்ரொப்பிலீன் இதைவிட நல்ல பிள்ளை. டிபன் டப்பா, அரிசிச் சாக்கு, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் பெரும்பாலும் இதுதான். ஒன்றுவிட்ட ஒரு கார்பனில் ஒரு மெத்தில் (CH₃) கிளை இருப்பதால் அங்கே பிணைப்பு பலவீனம், கொஞ்சம் குறைந்த வெப்பத்திலேயே உடையும், கிளை உள்ள மூலக்கூறுகள் என்பதால் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் உறையாது. தெர்மோகோல், அதாவது பாலிஸ்டைரீன், இன்னும் விசேஷம். அது உடைவதைவிட அவிழ்கிறது என்றே சொல்லலாம், பெரும்பகுதி அதன் மூலப்பொருளான ஸ்டைரீனாகத் திரும்பி வந்துவிடும். திரவம் நிறையக் கிடைக்கும், ஆனால் ஸ்டைரீன் வைத்திருந்தால் மறுபடி தானே சேர்ந்து பிசினாகும்.

நல்லவர்கள் பட்டியல் இந்த மூவரோடு முடிந்துவிட்டது.

தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில் எல்லாம் பெட் (PET) என்ற பிளாஸ்டிக். அதன் சங்கிலிக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது, எடையில் மூன்றில் ஒரு பங்கு. சூடாக்கினால் எண்ணெய்க்குப் பதில் கார்பன் டை ஆக்சைடும், பென்சோயிக் அமிலமும், டெரெப்தாலிக் அமிலமும் வரும். இந்த அமிலங்கள் ஆவியாகப் போய்க் குளிர்ந்த குழாயின் உள்சுவரில் வெள்ளைப் பொடியாகப் படியும். படியப் படியக் குழாய் அடைத்துக்கொள்ளும். அடைத்த குழாய், உள்ளே ஏறிக்கொண்டிருக்கும் அழுத்தம், கீழே எரிந்துகொண்டிருக்கும் அடுப்பு. மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

பி.வி.சி. இதைவிட மோசம். எடையில் 57 சதவீதம் குளோரின். 250, 300 டிகிரியிலேயே ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கழற்றிவிடும், அது ஈரத்தைப் பார்த்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம், இரும்பை அரித்துவிடும். ஒரு டன் கலவையில் 1 சதவீதம்தான் பி.வி.சி. என்று வையுங்கள், 10 கிலோ. ஒரு பழைய குழாய்த் துண்டும் கொஞ்சம் ஃப்ளெக்ஸ் பேனரும் போதும். அதில் 5.7 கிலோ குளோரின். பெரும்பகுதி வாயுவாகப் போனாலும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு வருவதே நூற்றுக்கணக்கான பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பது ஒரு பிபிஎம்) இருக்கும். சுத்திகரிப்பு ஆலைகள் எதிர்பார்ப்பதோ பத்து பிபிஎம் அளவிலோ அதற்கும் கீழோ. நம் ஊர்க் குப்பையில் பேனர் எவ்வளவு என்பதைத் தேர்தல் முடிந்த மறுநாள் தெருவில் நடந்தால் தெரியும்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள இரண்டு சோதனைகள் சொல்கிறேன், இவற்றில் ஆபத்து அதிகமில்லை. ஒரு வாளித் தண்ணீரில் பிளாஸ்டிக் துண்டுகளைப் போட்டு நன்றாகக் கலக்கினால் பாலிதீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும், பெட்டும் பி.வி.சி.யும் அடியில் போய் உட்காரும். அப்புறம், ஒரு செம்புக் கம்பியைத் தீயில் பழுக்கக் காய்ச்சி, சந்தேகப்படும் பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி தீயில் காட்டினால், ஜுவாலை பச்சையாக மாறினால் அதில் குளோரின் இருக்கிறது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பியைக் குறடால் பிடித்து, ஒரு துளி மட்டும் செய்து பாருங்கள். பி.வி.சி. ஒயரின் மேலுறையில் தொட்டால் வரும் அந்தப் பச்சை மறக்காது.

மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்க முடியாத ஒரு சாதி இருக்கிறது: சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, பிஸ்கட் உறை. பாலிதீன், பெட், அலுமினியப் படலம், மை, பசை எல்லாம் சேர்ந்து ஒரே தாள். பிரிக்கவே முடியாது. காயலான் கடையில் யாரும் தொடமாட்டார்கள். தெருவோரம், கால்வாய், ஏரிக்கரை என்று கண்ணில் படுவதில் பெரும்பகுதி இதுதான். "இதையெல்லாம் போட்டு டீசல் ஆக்கலாமே" என்று எல்லோரும் கேட்பதும் இதைத்தான்.

இங்கேதான் மொத்த விவகாரமும் சிக்கிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து. எந்த பிளாஸ்டிக் நல்ல எண்ணெய் தருமோ அதை வாங்க ஏற்கெனவே ஆள் இருக்கிறார். கழுவிய பால் கவருக்கும், உடைந்த குடத்துக்கும், நாற்காலிக்கும் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் காசு. அதை உருக்கிக் குருணையாக்கினால் மறுபடி குடமாகும், குழாயாகும். எந்த பிளாஸ்டிக்கை யாரும் வாங்கமாட்டார்களோ அது மோசமான எண்ணெய் தரும், இல்லை குழாயை அடைக்கும், இல்லை இயந்திரத்தை அரிக்கும். நல்ல சரக்குக்காகக் காயலான் கடைக்காரரோடு போட்டி போட வேண்டும், கெட்ட சரக்குக்காக வேதியியலோடு போட்டி போட வேண்டும்.

என் பெரியப்பா மகன் ஒருவர், என்னைவிட மூத்தவர், திருப்பூர்ப் பக்கம் சின்னதாகத் தொழில் செய்கிறார். அவர் ஒருநாள் ராத்திரி போன் செய்து, "டேய், ஒரு டன் போட்டா எண்ணூறு லிட்டர்னு கொட்டேஷன்ல போட்டிருக்கான்டா, மெஷின் ஒரு கோடிக்குள்ள, பேங்க்ல பேசியாச்சு, நீ ஒரு வார்த்தை சொல்லு" என்றார். 800 லிட்டர் என்பது ஆகாயத்திலிருந்து வந்த எண் இல்லை. டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் 2019 ஆகஸ்ட்டில் கெயில் நிறுவனத்தோடு சேர்ந்து நாளுக்கு ஒரு டன் பிளாஸ்டிக்கை டீசலாக்கும் ஆலையைத் திறந்தபோது சொன்னதும் அதே 800 லிட்டர்தான். தேர்ந்தெடுத்த, காய்ந்த பாலிதீன், பாலிப்ரொப்பிலீனுக்கு அது நியாயமான எண். ஆனால் கொட்டேஷன்காரர் அந்த "தேர்ந்தெடுத்த, காய்ந்த" என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

அண்ணனோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். எல்லாம் நாங்களாக வைத்துக்கொண்ட எண்கள், உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கொட்டேஷன் கணக்கில் 800 லிட்டர், அன்று பங்கில் விற்ற டீசல் விலை 92 ரூபாய், ஆக நாளுக்கு 73,600 ரூபாய். கேட்கவே குளிர்கிறது. எங்கள் கணக்கில் குப்பை மேட்டிலிருந்து ஒரு டன் கலவை வந்தால் அதில் ஈரம், மண், துணி, பெட், பேனர் போக நல்லது அறுநூறு கிலோ மிஞ்சினால் பெரிது. அதில் 450 லிட்டர் எண்ணெய். இதை டீசல் என்று விற்க முடியாது, ஃபர்னஸ் ஆயிலுக்கு மாற்றாகக் கொதிகலன் வைத்திருப்பவர் வாங்குவார், லிட்டர் 45 என்று வைத்தோம். வரவு 20,250. செலவில் சரக்கு கொண்டுவர 5,000, பிரிக்கிற ஆறு பேருக்கு 3,600, இயந்திரத்தில் நிற்கிற நாலு பேருக்கு 2,800, கரண்ட்டும் ஆரம்ப எரிபொருளும் 2,500, பழுது, தண்ணீர், கரிக்கழிவை அகற்றுவது 2,000. ஒரு கோடிக்கு 11 சதவீத வட்டியை வருடத்துக்கு 300 வேலைநாளால் வகுத்தால் நாளுக்கு 3,667. கூட்டினால் 19,567. மிச்சம் 683 ரூபாய். இதில் அசல் கட்ட வேண்டும், பிரிக்கிற ஆறு பேருக்குக் கையுறை வாங்க வேண்டும்.

"அப்ப காயலான் கடைலயே நல்ல சரக்கா வாங்கிப் போட்டா?" என்றார். கிலோ 25 ரூபாய்க்குச் சுத்தமான பாலிதீன் வாங்கினால் ஒரு டன்னுக்கு 25,000. எண்ணெய் 850 லிட்டர், 38,250 ரூபாய். மற்ற செலவு போக இரண்டாயிரத்துச் சொச்சம் நிற்கும். ஆனால் அந்த பாலிதீனைக் குருணையாக்கி விற்றால், முதலீடும் குறைவு, 450 டிகிரியும் இல்லை, கிலோவுக்குக் கிடைப்பதும் இதைவிட அதிகம். பிறகு எதற்காக அதை எரிக்க வேண்டும்?

பங்கில் விற்கும் டீசல் விலையில் ஏன் விற்க முடியாது என்று பலர் கேட்கிறார்கள். சட்டம் ஒருபக்கம்: பெட்ரோலியப் பொருளைக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கவே பெட்ரோலிய, வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும், வண்டி எரிபொருளாக விற்பது என்றால் இன்னும் தனிக் கட்டுப்பாடுகள். அதைவிடப் பெரியது தரம். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க பி.எஸ்.6 என்ற மாசுத் தர விதிப்படியான டீசல், கந்தகம் அதிகபட்சம் 10 பிபிஎம், சீட்டேன் எண் (இன்ஜினுக்குள் எவ்வளவு சுலபமாகப் பற்றும் என்பதன் அளவு) குறைந்தது 51. பாலிதீன் எண்ணெயில் சீட்டேன் நன்றாகவே இருக்கும், நேர்ச் சங்கிலி அல்லவா. கந்தகமும் சுத்தமான சரக்கில் குறைவு. இடிப்பது வேறு இடத்தில். பெட்ரோல் அளவுத் துண்டுகளும் கூடவே கரைந்திருப்பதால் சாதாரண வெயிலிலேயே தீப்பற்றும் ஆவி எழும். மெழுகு இருப்பதால் குளிரில் இறுகும். முன்னே சொன்ன இரட்டைப் பிணைப்புகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து நாளாக நாளாகப் பிசினாகும், அந்தப் பிசின் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் நுண்துளையில் போய் உட்காரும். வீடியோவில் ஓடும் பழைய பைக்குக்கும் பம்ப்செட் இன்ஜினுக்கும் இது பெரிய தொந்தரவில்லை. மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் இப்போதைய காமன் ரெயில் டீசல் வண்டியில் ஊற்றினால் மெக்கானிக்குக்குத்தான் லாபம். இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது: காய்ச்சி வடித்து, கொதிநிலை வாரியாகப் பிரித்து, அதிக அழுத்தத்தில் ஹைட்ரஜன் ஏற்ற வேண்டும். சுத்திகரிப்பு ஆலைக்குள் அது தினசரி வேலை, தகரக் கொட்டகைக்குள் நடக்காது.

ஒரு தொழிற்பேட்டையில் இப்படி ஓடும் சின்ன யூனிட் ஒன்றைப் போய்ப் பார்த்தேன். மார்கழிக் காலை நேரம். கொட்டகைக்கு வெளியே நீலக் கேன்கள் வரிசையாக. திறந்து காட்டச் சொன்னால், உள்ளே எண்ணெய் இல்லை, வெளிர் மஞ்சளில் வாசலின் மாதிரி இறுகிப் போய் நிற்கிறது, கையை வைத்தால் விரல் அடையாளம் விழுகிறது. வாசலின் மாதிரி என்ன, ஏறக்குறைய அந்தச் சங்கதியேதான், இருபதுக்கு மேல் கார்பன். "பத்து மணிக்கு வெயில் ஏறினா எளகிடும் சார்" என்றார் அங்கே நின்றவர். பக்கத்தில் ஒரு கண்ணாடி பாட்டிலில் போன மாதத்து எண்ணெய், அது புதிதாக வந்தபோது தேன் நிறம் என்றார், இப்போது டீ டிகாக்ஷன் கறுப்பு, அடியில் சேறு. வாசனையைச் சொல்ல வேண்டும்: எரிந்த ரப்பர் மாதிரி இல்லை, அணைத்த மெழுகுவத்தியின் புகையையும் பெயின்ட்டையும் சேர்த்தது போல் ஒன்று, சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது. உலையின் கதவுக்குள் டார்ச் அடித்துக் காட்டினார், சுவரெல்லாம் இரண்டு விரல் கனத்துக்குக் கரி ஓடு. கடப்பாரையால் பெயர்க்கிறார்கள்.

அந்தக் கரி ஓடு வெறும் அழுக்கு இல்லை. உருகிய பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்துவதில் படுமோசம், இரும்பைவிட இருநூறு மடங்கு மந்தம். அதனால் சுவரை ஒட்டியது கருகும்போது நடுவில் இருப்பது இன்னும் உருகவே இல்லை. நடுவை எட்டவைக்க அடுப்பைக் கூட்டினால் சுவரில் இன்னும் கரி, அந்தக் கரியே வெப்பத்தை மறிக்கும், அதற்காக இன்னும் அடுப்பைக் கூட்ட வேண்டும். கணக்கின்படி ஒரு கிலோ பாலிதீனைச் சூடாக்கி, உருக்கி, உடைக்க 2 மெகாஜூல் போதும், அதிலுள்ள ஆற்றலில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் "போடுகிற ஆற்றல்தான் அதிகம், வருவது குறைவு" என்று சொல்கிற கட்சியும் தவறு. உலையிலிருந்து வரும் கேஸைத் திருப்பி அடுப்புக்கே விட்டால் அதுவே தன்னை ஓட்டிக்கொள்ளும். கஷ்டம் அந்த 2 மெகாஜூலை உள்ளே கொண்டுபோய்ச் சேர்ப்பதில். சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமம்) போன்ற வினையூக்கி போட்டால் வெப்பம் குறையும், மெழுகும் குறையும், ஆனால் கரி அதன் நுண்துளைகளை அடைக்கும், குப்பையிலுள்ள கால்சியமும் குளோரினும் அதைக் கெடுக்கும். வினையூக்கி மலிவான பொருள் இல்லை.

வீட்டுக் கொல்லையில் செய்து பார்க்க நினைக்கும் தம்பிகளுக்கு மட்டும் ஒன்று. டீசல் ஆவி 250 டிகிரிக்கு முன்பின்னாகவே, தீப்பொறி இல்லாமல், காற்றைப் பார்த்த மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும். டிரம்முக்குள் இருப்பதோ 450. மூடி விலகினாலோ, வெல்டிங்கில் ஓட்டை விழுந்தாலோ, உள்ளே வெற்றிடம் உண்டாகிக் குழாய் வழியாகக் காற்றை இழுத்தாலோ, சரியாக ஆறும் முன் கரியை வாரக் கதவைத் திறந்தாலோ, அவ்வளவுதான். முறையான ஆலைகளில் நைட்ரஜனை உள்ளே செலுத்திக் காற்றை விரட்டிவிட்டுத்தான் திறக்கவே செய்வார்கள். வீடியோவில் நைட்ரஜன் சிலிண்டரைப் பார்த்திருக்கிறீர்களா? செய்யாதீர்கள்.

சரி, பெரிய அளவில், பணம் உள்ளவர்கள் செய்தால்? செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ரசாயன நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். 1994-இல் லுட்விக்ஸ்ஹாஃபனில் வருடத்துக்கு 15,000 டன் சோதனை ஆலை தொடங்கி 1996-இல் மூடியது, நீண்டகாலத்துக்குப் போதுமான சரக்கும் கட்டுப்படியாகும் விலையும் கிடைக்கவில்லை. ஜப்பானின் சப்போரோவில் 2000-இல் தொடங்கிய ஆலைதான் தொழில்நுட்பமாக எனக்குப் பிடித்தது. வீட்டுக் குப்பை பிளாஸ்டிக், பி.வி.சி. உட்பட, முதலில் 300 டிகிரி சுமாரில் குளோரினை மட்டும் கழற்றி அமிலமாகப் பிடித்துக்கொண்டு, பிறகு அடுத்த உலையில் உடைப்பார்கள். வருடத்துக்கு 14,800 டன் கொள்ளளவு, பத்தாண்டுகள் போல ஓடி மூடப்பட்டது. இத்தனைக்கும் ஜப்பானியர்கள் குப்பையைக் கழுவித் தருகிறவர்கள். ஆனால் அங்கே பிளாஸ்டிக்கை யார் குறைந்த கட்டணத்தில் எடுத்துக்கொள்கிறார்களோ அவர்களுக்கே ஏலத்தில் போகும். எஃகு ஆலைகள் தங்கள் கோக் உலையில் (இரும்பு உருக்கத் தேவையான கோக் கரி தயாரிக்கும் உலை) நிலக்கரியோடு சேர்த்துப் போட்டுக்கொள்ள முன்வந்தன, எண்ணெய் ஆலையால் அந்த விலைக்கு இறங்க முடியவில்லை.

அமெரிக்கக் கதை இன்னும் வேடிக்கை. ஐடஹோ மாநிலத்தின் பொய்சி நகரத்தில் 2018-இல் வீடு வீடாக ஆரஞ்சுப் பைகளைக் கொடுத்து, மறுசுழற்சி ஆகாத பிளாஸ்டிக்கை இதில் போடுங்கள், சால்ட் லேக் சிட்டி ஆலையில் டீசலாகும் என்றார்கள். ஜனங்களும் கழுவிப் போட்டார்கள். சேர்ந்த சரக்கு கலப்படம் என்று ஆலையால் தாக்குப்பிடிக்க முடியாமல், கடைசியில் பைகள் போய்ச் சேர்ந்தது ஒரு சிமென்ட் ஆலையின் சூளைக்கு. இண்டியானாவின் ஆஷ்லியில் வருடத்துக்கு ஒரு லட்சம் டன் என்று அறிவித்துக் கட்டிய பிரைட்மார்க் ஆலை 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. இதில் வேதியியல் தெரியாதவர்கள் யாரும் இல்லை. சரக்கும் விலையும்தான் எல்லோரையும் சாய்த்தன. கச்சா எண்ணெய் விலை ஏறும்போது இந்தத் தொழில் முளைக்கும், இறங்கும்போது கருகும். 2020 ஏப்ரலில் அமெரிக்கக் கச்சா எண்ணெய் ஒருநாள் பூஜ்யத்துக்கும் கீழே போனதே, அன்றைக்கு யார் குப்பையிலிருந்து எண்ணெய் எடுப்பார்?

இது நிஜமாகவே கட்டுப்படியான ஓர் இடம் உண்டு. சிரியாவில் டமாஸ்கஸை ஒட்டிய கிழக்கு கூட்டா. 2013 முதல் 2018 வரை ராணுவ முற்றுகை, வெளியிலிருந்து எரிபொருள் வராது, வந்தால் கடத்தல் விலை. அங்கே துமா நகரத்தில் இடிந்த வீடுகளிலிருந்து தண்ணீர்த் தொட்டி, குழாய், டப்பா என்று பொறுக்கி வந்து, டிரம்மில் போட்டு விறகில் காய்ச்சி, பெட்ரோலும் டீசலும் வடித்தார்கள். அதில் ஜெனரேட்டர் ஓடியது, தண்ணீர் பம்ப் ஓடியது, ரொட்டி அடுப்பு எரிந்தது. முகமெல்லாம் கரியோடு, முகமூடிகூட இல்லாமல் அந்தப் புகையில் வேலை செய்த ஆட்களின் படங்கள் அப்போது வெளிவந்தன. நமக்கு வரும் வீடியோவில் இருக்கும் அதே டிரம்தான், அங்கே எரிபொருளுக்கு என்ன விலை கொடுத்தாலும் தகும் என்ற நிலை.

புகை என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. மிசிசிப்பியில் செவ்ரான் எண்ணெய் நிறுவனத்தின் ஆலை பிளாஸ்டிக்கிலிருந்து தயாரிக்க அனுமதி வாங்கிய எரிபொருள்களில் ஒன்றுக்கு, அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் சொந்த மதிப்பீட்டிலேயே, அதைத் தயாரிக்கும்போது புகைபோக்கியிலிருந்து வரும் காற்றை வாழ்நாளெல்லாம் சுவாசிப்பவர்களில் நாலு பேரில் ஒருவருக்குப் புற்றுநோய் அபாயம் என்று இருந்தது. அது விமான எரிபொருள். எல்லா பிளாஸ்டிக் எண்ணெயும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் "கழிவிலிருந்து வருவதால் பசுமை எரிபொருள்" என்று விளம்பரத்தில் இலை படம் போடுவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ஒரு கிலோ பாலிதீனை எண்ணெயாக்கி எரித்தாலும் நேராக எரித்தாலும் 3 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடுதான். பூமிக்கடியிலிருந்து வந்த கார்பன், ஒரு நாள் பையாக இருந்துவிட்டு வானத்துக்குப் போகிறது.

அப்படியானால் சிப்ஸ் பாக்கெட்டை என்னதான் செய்வது? இப்போதைக்குத் தமிழ்நாட்டில் அதில் கணிசமான பகுதி போவது சிமென்ட் சூளைக்கு. அரியலூர்ப் பக்கத்து ஆலைகளில் நிலக்கரியோடு சேர்த்து எரிக்கிறார்கள், சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கைத் தோண்டிச் சலித்தபோது வந்த பிளாஸ்டிக்கும் அந்த வழியில்தான் போனது. சூளைக்குள் 1,400 டிகிரிக்கு மேல், சுண்ணாம்பு நிறைய இருப்பதால் கொஞ்சம் குளோரினை அது விழுங்கிக்கொள்ளும், சாம்பலும் சிமென்ட்டோடு கலந்துவிடும். கவர்ச்சி இல்லாத வழிதான், ஆனால் தரம் பிரிக்காத சரக்கையும் தாங்கும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த பிளாஸ்டிக் சாலை இன்னொரு வழி, 2018-இல் அதற்காக அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி அதன்மேல் பிளாஸ்டிக் துருவலைத் தூவினால் உருகி உறைபோல ஒட்டிக்கொள்ளும், அதன்மேல் தார். அந்த வெப்பத்தில் சங்கிலி உடையாது என்பதால் எண்ணெயும் வராது, கேஸும் வராது. அங்கேயும் பி.வி.சி. மட்டும் ஆகாது.

பைராலிசிஸுக்கு இடமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். எண்ணெயைத் தெருவில் விற்காமல் பெரிய சுத்திகரிப்பு ஆலைக்குள் செலுத்தி, பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருளான நாப்தா என்ற லேசான எண்ணெயோடு கொஞ்சமாகக் கலந்து மறுபடி பிளாஸ்டிக்காகவே எடுப்பது ஓரளவு அர்த்தமுள்ள வேலை, 2024-இல் குஜராத்தின் ஜாம்நகரில் ரிலையன்ஸ் சுத்திகரிப்பு ஆலையிலும் தொடங்கியிருக்கிறார்கள். சின்ன அளவில் என்றால், ஒரே இடத்தில், ஒரே மாதிரியான பிளாஸ்டிக் தினமும் விழுகிற இடம் வேண்டும், எண்ணெயை வாங்குகிற கொதிகலனும் அதே வளாகத்தில் இருக்க வேண்டும். கழிவுத் தாளை இறக்குமதி செய்யும் காகித ஆலைகளில் தாளோடு சேர்ந்து வரும் பிளாஸ்டிக் குவிந்து கிடக்கிறது. கொதிகலனும் இருக்கிறது. அது ஈரமான சரக்கு, காயவைக்க வேண்டும், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தகுந்த இடம்.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, விற்பனைக்காரரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன்: "எங்க ஊர்க் குப்பையில ஒரு டன் நான் லாரியில அனுப்புறேன், உங்க மெஷின்ல போட்டு, வர எண்ணெய நீங்களே லிட்டர் அம்பது ரூபாய்க்கு எடுத்துக்குவீங்களா?" அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லையாம். போன வாரம் அண்ணன் வேறொரு கொட்டேஷன் அனுப்பியிருக்கிறார், பழைய பிளாஸ்டிக்கை அமுக்கிக் கட்டாகக் கட்டுகிற பேலிங் மெஷின். அதில் எங்கேயும் 450 டிகிரி இல்லை என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.